சினையுமில்லை, கறவையுமில்லை: சிறிய ஆடுகளுக்கு என்ன போடுவது, எவ்வளவு போடுவது?

வெள்ளாட்டுத் தீவனத்தைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பங்கு சினை ஆட்டுக்கும் கறவை ஆட்டுக்கும் குட்டிக்கும்தான் போகிறது. அங்கே தீவனம் கொஞ்சம் குறைந்தாலும் பாலில் தெரிந்துவிடும், குட்டியின் எடையில் தெரிந்துவிடும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் எந்தப் பட்டியிலும் எந்த நாளிலும் கணிசமான ஆடுகள் சும்மா நிற்கின்றன. பால் வற்றி அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கும் பெட்டைகள், காயடித்த கிடாய்கள், ஈனும் வயதைக் கடந்த கிழ ஆடுகள், பருவமில்லாத காலத்தில் ஓய்ந்திருக்கும் பொலிகிடாய்கள். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் இவைதான். இனமும் சிறியது. நன்கு வளர்ந்த பெட்டை 25 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இந்த ஆடுகளுக்குப் பட்டியில் நான் பார்த்த நோய்களில் பெரும்பாலானவை நம் கை தாராளத்தால் வருபவை. பசியால் வந்தவை மிகக் குறைவு.

இந்த உண்மை எனக்கு அழுத்தமாகப் பதிந்தது, இடம் மாறிப்போன ஒரு குடும்பத்திடமிருந்து சில ஆடுகளை ஏற்றுக்கொண்டபோது. ஆடுகளைப் பிள்ளைகள்போல் வைத்திருந்தார்கள். வண்டியில் ஏற்றும்போது அந்த வீட்டு அக்கா என்னிடம், "தம்பி, காலையிலும் சாயங்காலமும் ஆளுக்கு ஒரு கிண்ணம் தானியம் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கத்திக்கொண்டே இருக்கும், பார்க்கப் பாவமாக இருக்கும்" என்றார். "சரி அக்கா" என்றேன். பட்டிக்கு வந்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு எலும்பே தட்டுப்படவில்லை.

முதுகைத் தொட்டுப் பார்ப்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலாகச் சொல்வேன். ஆட்டின் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பகுதியில் உள்ளங்கையைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஓடும். இரு பக்கமும் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளை விரல் நுனியால் அடியிலிருந்து தேடுங்கள். கூர்மையாகக் குத்தினால் ஆடு மெலிவு. லேசாக அழுத்தினால் உருண்டையாகத் தட்டுப்பட்டால் சரியான நிலை. அழுத்தியும் எதுவும் அகப்படாமல் ஒரே சமதளமாக இருந்தால் கொழுப்பு. அடுத்து முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பின் மேல் உள்ள கொழுப்புத் திட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைந்தால் நல்லது. கெட்டியாக, அசையாமல், கை நிறைய இருந்தால் மிதமிஞ்சிவிட்டது. மிக மெலிந்ததற்கு 1, மிகக் கொழுத்ததற்கு 5 என்று மதிப்பெண் போடும் முறை இதுதான். சும்மா நிற்கும் ஆட்டுக்கு 2.5 முதல் 3 வரை இருந்தால் போதும்.

வெள்ளாட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது கொழுப்பை முதலில் உள்ளே சேர்க்கும். சிறுநீரகத்தைச் சுற்றியும், குடலை மூடியிருக்கும் சவ்விலும் நிரப்பிய பிறகுதான் தோலுக்கடியில் சேர்க்கத் தொடங்கும். ஆகவே வெளியே பார்த்துக் கொழுத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்போது உள்ளே எப்போதோ நிறைந்துவிட்டிருக்கும். இதற்கு மாறாக வயிற்றைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. சிறிய இன ஆடுகளுக்குக் கால் குட்டை, வயிறு அகலம். இடது பக்கம் ரூமன் எனப்படும் முதல் இரைப்பை நன்றாக மேய்ந்த பிறகு புடைத்துத்தான் நிற்கும். அது கொழுப்பும் இல்லை, சினையும் இல்லை. நார்த் தீவனம் நிறையத் தின்ற ஆரோக்கியமான ஆட்டின் வயிறு அப்படித்தான் இருக்க வேண்டும். வயிற்றைப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். முதுகுதான் கணக்கு.

இனி எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் எடை தெரிய வேண்டும். தராசு இல்லாதவர்கள் அளவுநாடாவால் கணிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து வாலடியை ஒட்டிய பின்னெலும்பு வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 68, நீளம் 58 என்றால் ஏறக்குறைய 25 கிலோ. முற்றிலும் துல்லியமாக வராது. ஆனால் கண்ணால் மதிப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். மருந்து கொடுக்கும்போதும் இதே எண் உதவும்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1981இல் வெளியிட்ட தேவை அளவுகள் இன்னும் எனக்குக் கைகொடுக்கின்றன. உடலை அப்படியே காத்துக்கொள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டிய எரிசக்தி, உடல் எடையின் 0.75 அடுக்கை 101ஆல் பெருக்கினால் வரும் கிலோகலோரி. 25 கிலோ ஆட்டுக்கு அது சுமார் 1,130. சுமாரான உலர்புல்லில் ஈரம் நீக்கிய ஒரு கிலோவுக்கு 2,000 கிலோகலோரி இருக்கும் என்று வைத்தால், நாளைக்கு 565 கிராம் உலர்பொருள் போதும். உலர்புல்லிலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருப்பதால் தராசில் 640 கிராம். ஆடு சிறிது நடந்து மேய்கிறது என்றால் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது சுமார் 800 கிராம். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அதனால் அதே 565 கிராம் உலர்பொருளுக்கு மூன்று கிலோவை நெருங்கிய பசுந்தீவனம் வேண்டும்.

அந்த 0.75 அடுக்கு எதற்கு என்று கேட்கலாம். உடல் சிறுத்தால் கிலோவுக்குக் கிலோ தேவை கூடும். 60 கிலோ ஆடு 20 கிலோ ஆட்டைப்போல் மூன்று மடங்கு எடை. ஆனால் அதன் தீவனத் தேவை 2.3 மடங்குதான். அதாவது சிறிய ஆடு தன் எடைக்குக் கூடுதலாகத் தின்ன வேண்டியிருக்கிறது. வயிற்றின் கொள்ளளவோ உடலோடு சேர்ந்து சுருங்குகிறது. ஆகவே பெரிய இனத்துக்குச் சொன்ன அளவை எடைக்கு நேர் விகிதத்தில் குறைத்துச் சிறிய ஆட்டுக்குப் போட்டால் கணக்கு தப்பும். வெறும் வைக்கோலை நிரப்பினாலும் தப்பும். நார் மட்டும் நிறைந்த வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் கிடக்கும். சிறிய வயிற்றில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

தினசரித் தீவனத்தில் புரதம் ஏழெட்டு சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆட்டைவிட அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. அவற்றுக்குத் தழைச்சத்து போதாவிட்டால் நாரைச் செரிக்கும் வேலை தளர்ந்துவிடும். ஆடு தின்னும் அளவும் தானாகக் குறையும். தானிய வைக்கோலில் புரதம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சதவீதம். நல்ல புல்லைப் பூக்கும் முன் அறுத்து உலர்த்தினால் எட்டு முதல் பத்து. குதிரைமசால்போன்ற பயறுவகைத் தீவனத்தில் பதினைந்துக்கு மேல். சும்மா நிற்கும் சிறிய ஆட்டுக்கு நடுவில் உள்ளதுதான் சரியான உணவு. நல்ல உலர்புல், அல்லது புல்லும் தழையும் கலந்த மேய்ச்சல், தாது உப்பு, சுத்தமான தண்ணீர். இவ்வளவுதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏதோ விட்டுப்போனதுபோல் பார்க்கிறார்கள்.

புல்லின் தரத்தைக் கைதான் சொல்லும். ஒரு கற்றையை எடுத்து முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது. தண்டுகள் சடசடவென்று ஒடிந்து கையைக் குத்தினால் முற்றிய பிறகு அறுத்தது. இலை உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் எடைக்குப் பணம் கொடுத்திருக்கிறோம், சத்துக்குக் கொடுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த இலையின் இனிய வாசம் வர வேண்டும். மண்வாடையோ புளித்த வாடையோ வந்தால், பிரித்து உதறும்போது சாம்பல்போல் தூசி எழுந்தால் பூஞ்சணம். அதை எந்த ஆட்டுக்கும் போடாதீர்கள். நல்ல பகுதியைப் பிரித்தெடுத்துப் போடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

புல்லை ஆடு எப்படித் தின்கிறது என்று நின்று கவனித்தால் நிறையத் தெரியும். மேலுதடு விரல்போல் வேலை செய்கிறது. இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கும், பூங்கதிரைத் தேடும், தடித்த தண்டை ஒதுக்கும். ஆகவே தொட்டியில் கொஞ்சம் மிஞ்சுவது இயல்பு. பத்தில் ஒரு பங்கு மிஞ்சட்டும். நான் தினமும் கவனிப்பது மிஞ்சியதைத்தான். தடித்த தண்டு மட்டும் மிஞ்சினால் அளவு சரி. தண்டும் சேர்த்து முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டு, முதுகும் மெலிந்திருந்தால் கூட்ட வேண்டும். இலையும் சேர்ந்து மிஞ்சினால் ஒன்று நான் அதிகமாகப் போட்டிருக்கிறேன், அல்லது அந்தப் புல்லில் ஏதோ சரியில்லை.

புல் உலர்தீவனத்தை எப்போதும் முன்னால் கிடக்கும்படி வைக்கலாமா? பெரும்பாலான சிறிய ஆடுகளுக்கு வைக்கலாம். நார் அதிகம் என்பதால் வயிறே தடுப்புப் போட்டுவிடும். குதிரைமசாலை அப்படி வைக்கக் கூடாது. அது ருசியானது, செரிப்பது எளிது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கறவை ஆட்டுக்கு ஏற்ற அளவில் இருப்பவை. சும்மா நிற்கும் ஆட்டை அது சத்தமில்லாமல் கொழுக்கவைக்கும். என் பட்டியில் அது மெலிந்த ஆட்டுக்கும் கிழ ஆட்டுக்கும் மட்டும், தனியாக, ஒரு பிடி.

தானியத்துக்கு வருகிறேன். 200 கிராம் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 560 கிலோகலோரி இருக்கிறது. 25 கிலோ ஆட்டின் ஒரு நாள் தேவையில் அது பாதி. பார்வைக்கு அது ஒரு சிறு கிண்ணம். அந்த அக்காவின் ஆடுகளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது. தானியத்திலேயே ஒரு நாளின் தேவை முடிந்துவிடும், அதற்கு மேல் தின்ற புல் எல்லாம் கொழுப்பாகிவிடும். அன்பில் எந்தக் குறையும் இல்லை. கிண்ணம் சிறியது, அதில் இருந்த சத்து பெரியது, அவ்வளவுதான்.

கொழுப்போடு மட்டும் இது நிற்பதில்லை. காயடித்த கிடாய்க்குத் தானியம் எப்படி எமனாகிறது என்பதை அந்த மந்தையில் வந்த மணியிடம் பார்த்தேன். வந்த சில நாட்களிலேயே ஒரு காலையில் தனியாக நின்றுகொண்டிருந்தான். முதுகைக் கூன்போட்டு, பின்னங்கால்களை அகட்டி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு முக்கினான். முதல் பார்வைக்கு மலச்சிக்கல் என்றுதான் தோன்றும், பலர் அப்படி நினைத்தே நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். குறியை மூடியிருக்கும் தோலின் நுனி மயிர்களில் மணல்போல் வெண்ணிறத் துகள்கள் ஒட்டியிருந்தன. விரலால் நசுக்கினால் நறநறத்தன. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, லேசான சிவப்போடு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். உடனே கால்நடை மருத்துவரை வரவழைத்தேன்.

மருத்துவர் வலிக்கும் தளர்வுக்கும் ஊசி போட்டு, மணியைப் புட்டத்தில் உட்காரவைத்து, குறியை வெளியே எடுத்துக் காட்டினார். நுனியில் புழுப்போல் நீண்ட ஒரு மெல்லிய இழை இருந்தது. கல் முதலில் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். அந்த இழையை வெட்டி எடுத்ததும் சிறுநீர் பாய்ந்தது. மணி பிழைத்தான். எல்லாக் கிடாய்க்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கல் இன்னும் உள்ளே, குழாய் எஸ் வடிவில் வளையும் இடத்தில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான் வழி. தாமதித்தால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும்.

ஏன் இப்படி ஆகிறது? தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். ஆட்டுத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். தானியத்தில் இது தலைகீழ். இன்னொன்றும் உண்டு. புல்லை மெல்லும்போது எச்சில் நிறைய ஊறும். மிகையான பாஸ்பரஸ் அந்த எச்சில் வழியே வயிற்றுக்குத் திரும்பிச் சாணத்தோடு வெளியேறும். தானியத்துக்கு மெல்லும் வேலை குறைவு, எச்சிலும் குறைவு. பாஸ்பரஸ் சிறுநீருக்குப் போய் அங்கே கல்லாக உறைகிறது. பெட்டையின் சிறுநீர்க் குழாய் குட்டை, அகலம், அதனால் துகள்கள் வெளியேறிவிடும். கிடாயின் குழாய் நீளம், குறுகல். மிகச் சிறு வயதில் காயடித்துவிட்டால் அந்தக் குழாய் முழு அகலத்துக்கு வளர்வதில்லை. இனமும் சிறியதாகிவிட்டால் ஆபத்து கூடுகிறது.

சிலர் அம்மோனியம் குளோரைடு கலந்த தீவனம் கிடைக்கிறதே, அதைப் போட்டுவிட்டுத் தானியமும் வைக்கலாமே என்று கேட்கிறார்கள். அது சிறுநீரைப் புளிப்பாக்கி ஒருவகைக் கல்லைத் தடுக்கும். மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் குதிரைமசால் மிகுதியால் வரும் சுண்ணாம்புக் கல்லுக்கு அதை நம்ப முடியாது. தானியமே தேவைப்படாத ஓர் ஆட்டுக்குத் தானியத்தை வைத்துவிட்டு அதற்கு மாற்று மருந்தும் வைப்பதை என் மனம் ஏற்கவில்லை. காயடித்த கிடாய்க்கு நான் தானியமே போடுவதில்லை. கூப்பிட்டால் ஓடிவர வேண்டும் என்பதற்காக இலைக்கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் ஓடித்தான் வருகின்றன.

தானியத்தின் மூன்றாவது கெடுதல் திடீரென்று வரும். கதவு சரியாகத் தாழிடப்படாமல் ஆடு தானிய மூட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் சில மணி நேரத்தில் வயிறு புளித்துவிடும். ரூமனின் புளிப்பை pH என்ற எண்ணால் அளக்கிறார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சாதாரணமாக அது 6க்கும் 7க்கும் இடையே இருக்கும். 5.5க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். ஆடு சோர்ந்து, அசைபோடாமல், கழிந்துகொண்டு படுத்துவிடும். குடல்நச்சு நோயும் இந்த வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, போட்டுவிடுங்கள். தானிய மூட்டைகளை ஆட்டுக்கு எட்டாத அறையில், இரட்டைத் தாழ்ப்பாளோடு வையுங்கள். ஆட்டின் நாக்கும் உதடும் ஒற்றைத் தாழ்ப்பாளைத் திறந்துவிடும்.

அந்தக் கொழுத்த ஆடுகளை இறக்கிய விதத்தைச் சொல்கிறேன். தானியத்தை ஒரே நாளில் நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தேன். எந்தத் தீவன மாற்றத்துக்கும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், வயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் மாற அவ்வளவு காலம் பிடிக்கும். மணிக்கு மட்டும் மருத்துவர் சொல்படி அன்றே நிறுத்தினேன். புல்லை ஒருபோதும் குறைக்கவில்லை. கொழுத்த ஆட்டைப் பட்டினி போட்டால் உடல் கொழுப்பு வேகமாகக் கரைந்து ஈரலில் போய்த் தேங்கும். தீனியைப் பறிப்பதைவிட நடக்கவைப்பது நல்லது. தண்ணீர்த் தொட்டியைப் பட்டியின் ஒரு கோடியிலும், புல் தொட்டியை மறுகோடியிலும், உப்புப் பெட்டியை இன்னொரு மூலையிலும் மாற்றி வைத்தேன். ஏறி இறங்கப் பலகைகள் போட்டேன். மாதக் கணக்கில்தான் எடை இறங்கியது, அப்படித்தான் இறங்க வேண்டும்.

கத்தல்? கத்தின. அந்த அக்கா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அது பசியின் குரல் இல்லை. புல் முன்னால் கிடக்கும்போதே, கிண்ணத்தின் ஓசை கேட்கும் நேரம் வந்ததும் கத்தின. அந்த நேரத்தில் நான் கிண்ணத்தைத் தொடுவதை நிறுத்தி, புல்லை வேறு வேளையில், வேறு கதவு வழியாகக் கொண்டுபோகத் தொடங்கியதும் கத்தல் தேய்ந்துபோனது. உண்மையில் பசித்த ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பொறுமையாக இருங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே புரளும் அலை கையைத் தள்ளும். அது தள்ளினால், ஆடு படுத்து அசைபோட்டால், கத்தலுக்கு நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

மேய்ச்சலுக்கு விடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளாடு இயல்பில் தலை நிமிர்ந்து புதரையும் கொப்பையும் கடிக்கும் விலங்கு. இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையை ஒட்டிய புல்லில், ஒரு விரல் நீளத்துக்குள்தான் இருக்கும். ஒட்ட மேய்ந்த தரையில் ஆட்டை வைத்திருந்தால் புல்லோடு புழுவையும் ஊட்டுகிறோம். புல் நன்கு வளர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், கொப்புகளை வெட்டி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மெலிந்த ஆட்டுக்குத் தீவனத்தைக் கூட்டுமுன் கீழ் இமையை இழுத்து நிறம் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் பிரச்சினை தொட்டியில் இல்லை, புழுவில் இருக்கிறது. பனியோ மழையோ ஈரமாகக் கிடக்கும் இளம் பயறுவகைப் பயிரில் வெறும் வயிற்றோடு விட்டால் வயிறு உப்பும். முதலில் உலர்புல் கொடுத்துவிட்டு விடுங்கள்.

ஆடு எதையும் தின்னும், எதையும் செரிக்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. அரளி கொஞ்சம் போதும், உயிர் போய்விடும். ரோடோடெண்ட்ரான், அசேலியா, யூ மரத்து இலை எல்லாம் நஞ்சு. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு உண்டு. அழகுச்செடிகளைக் கத்தரித்த குப்பையை அன்பாகக் கொண்டுவந்து பட்டிக்குள் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வேலியில் "எதையும் உள்ளே போடாதீர்கள்" என்று எழுதி மாட்டியிருக்கிறேன்.

தாது உப்பை வெள்ளாட்டுக்கென்று கலந்ததாகவே வாங்குங்கள். செம்மறி ஆட்டுக்குச் செம்புச் சத்து எளிதில் நஞ்சாகும் என்பதால் அதற்கான கலவையில் செம்பு சேர்க்க மாட்டார்கள். வெள்ளாட்டுக்கு அது போதாது. செம்பு குறைந்தால் கருப்பு மயிர் துருப்பிடித்த நிறத்துக்கு மாறும், வால் நுனி மயிர் உதிர்ந்து மீன்வால்போல் இரண்டாகப் பிரியும். அதற்காகச் செம்பை நீங்களாகத் தனியே ஊட்டிவிடாதீர்கள், வெள்ளாட்டுக்கும் அளவு மீறினால் நஞ்சுதான். கல்லாக இறுகிய கட்டியைவிடத் தூளாக இருப்பதை ஆடு போதுமான அளவு எடுத்துக்கொள்கிறது. மழை படாத இடத்தில், சாணம் விழாத உயரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வயிற்றின் புளிப்பைத் தணிக்கச் சோடா உப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். புல்லையே மெல்லும் ஆட்டின் எச்சிலில் அது தானாக ஊறுகிறது. நான் வைப்பதில்லை.

தண்ணீரை யாரும் தீவனமாக நினைப்பதில்லை. தின்னும் ஒவ்வொரு கிலோ உலர்பொருளுக்கும் இரண்டு முதல் நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். ஒரு புழுக்கை மிதந்தாலும் சில ஆடுகள் வாய் வைக்காது. குடிக்காத கிடாயின் சிறுநீர் கெட்டியாகிக் கல் சேரும். பெரிய தொட்டி ஒன்றைவிடத் தினமும் கழுவக்கூடிய சிறிய வாளிகள் சில வைப்பது நல்லது. குளிர் மிகுந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். அந்நாட்களில் புல்லையும் கூட்டிப் போடுங்கள். நார் வயிற்றில் புளிக்கும்போது எழும் வெப்பம் ஆட்டை உள்ளிருந்து காக்கும், தானியம் அந்த அளவுக்குக் காக்காது.

கூட்டத்தில் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்பது தொட்டியின் மொத்தக் கணக்கில் தெரியாது. மந்தைக்குத் தலைவி ஒருத்தி இருப்பாள், கொம்பாலும் பார்வையாலும் மற்றவற்றை விரட்டுவாள். கொழுத்திருப்பது அவள்தான். ஒதுங்கி நிற்பவள் மெலிந்திருப்பாள். ஆளுக்கு ஒன்றரைச் சாண் இடமாவது தொட்டியில் இருக்க வேண்டும். ஆடுகளைவிட ஓரிடம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே தொட்டியைவிட இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடுங்கள், தலைவியால் ஓரிடத்தைத்தான் காக்க முடியும். தரையில் போட்ட புல்லை மிதித்த பிறகு ஆடு தொடாது, ஆகவே சட்டமடித்த தொட்டி வேண்டும். அகலக் கண்ணி வைத்த வலைப்பையைத் தொங்கவிடாதீர்கள். கொம்போ காலோ கழுத்தோ மாட்டிக்கொண்டால் ஆள் இல்லாத நேரத்தில் உயிரே போய்விடும்.

விதிவிலக்குகள் சில உண்டு. கிழ ஆட்டுக்குக் கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களில் சில விழுந்திருக்கும். அதைவிட முக்கியம் கடைவாய்ப் பல். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால், கன்னத்தில் அடக்கி வைத்திருந்தால், பல் தேய்ந்துவிட்டது. அதற்கு இலையை நறுக்கிப் போடுங்கள், குதிரைமசால் உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். இணைசேர்ந்து முடித்த பொலிகிடாய் அந்தப் பருவத்தில் தின்னாமல் அலைந்து இளைத்திருக்கும். எடை திரும்பும்வரை நல்ல புல்லோடு கொஞ்சம் குதிரைமசால் சேருங்கள்.

பெட்டையை இணை சேர்க்க நினைத்தால், இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தீவனத்தைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கருமுட்டை கூடுதலாக விழும் என்பதற்காக. முதுகெலும்பு தட்டுப்படும் பெட்டைக்கு அது பயன் தரும். கொழுத்த பெட்டைக்குப் பயனில்லை, பருவத்துக்கே வராமலும் போகலாம். அதனால் சேர்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே முதுகைத் தொட்டுப் பார்த்து 3 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சினை பிடித்தபின் முதல் மூன்று மாதம் இதே உணவில் ஓடும். 150 நாள் சினையின் கடைசி 50 நாளில்தான் குட்டியின் எடையில் 70 சதவீதம் ஏறுகிறது. அப்போது வயிற்றில் குட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் புல்லுக்கு இடம் குறைகிறது. இதுவரை வேண்டாம் என்று சொன்ன தானியம், சிறிது சிறிதாக, அந்தப் பெட்டைக்கு அப்போது வேண்டும்.